பிரஷர் மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கேன்சர் வருமா?

1 ஜூன் 2025, இரவு 9.50 (எண்ணூர் வாசகர் கேட்டது)

அம்மாவுக்கு 61 வயது. பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை: அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40. இதைப் பல வருஷம் போட்டால் கர்ப்பப்பை கேன்சர் வரும், வெளிநாட்டில் தடையே பண்ணிவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நாளாக அம்மா மாத்திரையைத் தொடவில்லை. உண்மையா? நிறுத்தலாமா?

1 ஜூன், இரவு 10.35

நிறுத்தக் கூடாது தம்பி. நாளைக் காலையில் முதல் வேலையாக அம்மாவுக்குப் பிரஷர் பாருங்கள். வழக்கமான அளவையே மறுபடி ஆரம்பிக்கட்டும். விட்ட ஐந்து நாளுக்கும் சேர்த்துப் போடுகிறேன் என்று இரண்டு இரண்டாகப் போட வேண்டாம். 180க்கு மேல் இருந்தாலோ, தலைவலி, நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் இருந்தாலோ வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் மருந்துக்கடையில் 22 வருஷமாக வேலை. என் அக்கா இதே பேச்சைக் கேட்டு இதே மாத்திரையை நிறுத்தினாள். அதனால் கொஞ்சம் அவசரமாக எழுதுகிறேன். பிரஷர் மாத்திரைக்கும் கர்ப்பப்பை கேன்சருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

2 ஜூன், காலை 6.15

அந்தத் “தடை” எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2018 ஜூலையில் வால்சார்டன் என்ற பிரஷர் மாத்திரையின் சில தொகுதிகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்றார்கள். சீனாவில் மூலப்பொருள் தயாரித்த ஒரு தொழிற்சாலை தயாரிப்பு முறையை மாற்றியபோது என்.டி.எம்.ஏ. என்ற ரசாயனம் மாத்திரையில் கலந்துவிட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பட்டியலில் இருக்கும் பொருள் அது. பிற்பாடு லோசார்டன், இர்பெசார்டன் சில தொகுதிகளும் மாட்டின. அரிசியில் கல் கிடந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புவோம். அப்படித்தான் இதுவும். வால்சார்டன் என்ற மருந்து இன்றும் உலகம் முழுக்க விற்பனையில் இருக்கிறது.

ஆபத்து எவ்வளவு என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கணக்குப் போட்டது. அசுத்தம் கலந்த வால்சார்டனை 8,000 பேர் மிக அதிக அளவில் ஒரு வருஷம் தினமும் சாப்பிட்டால், அவர்களில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அவ்வளவுதான்.

2 ஜூன், மதியம் 2.20

திருத்தம். ஒரு வருஷம் இல்லை, நான்கு வருஷம். கடையில் நின்றுகொண்டே எழுதியதில் தப்பாகிவிட்டது. நான்கு வருஷம் தினமும் 320 மில்லிகிராம், 8,000 பேர், கூடுதலாக ஒருவர்.

2 ஜூன், இரவு 11.05

இன்னொரு திருத்தம், இது பெரியது. நேற்று இரவு “ஒரு தொடர்பும் கிடையாது” என்று எழுதிவிட்டேன். அது அவசரத்தில் சொன்னது, அப்படியே நிற்க விடக் கூடாது. தொடர்பு ஒன்று இருக்கிறது. மாத்திரையோடு இல்லை, பிரஷர் என்ற நோயோடு.

2017இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு கட்டுரை வந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ள பெண்களுக்கு, கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.61 மடங்கு என்று அதில் வந்தது. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் வந்தவர்களைப் பிடித்து, முன்பு என்ன இருந்தது என்று பின்னோக்கி விசாரித்த ஆய்வுகளில் 1.73. நோய் வருவதற்கு முன்பே பெண்களைச் சேர்த்து வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் 1.32 மட்டும்தான். ஒழுங்காகப் பார்க்கப் பார்க்க எண் இறங்குகிறது.

மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பங்குக்குப் பின்னால் உடல் எடை நிற்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஆனால் உடம்புக் கொழுப்பு தானே கொஞ்சம் தயாரிக்கும். அதைச் சமன் செய்ய வேண்டிய புரோஜெஸ்டிரான் அப்போது இருக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் வருஷக்கணக்கில் தூண்டினால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். எடை கூடியவர்களுக்குத்தான் சுகரும் வருகிறது, பிரஷரும் வருகிறது. எடை, சுகர், பிரஷர் மூன்றும் இந்தப் புற்றுநோயோடு சேர்ந்து வருவதை டாக்டர்கள் பல காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

3 ஜூன், காலை 5.50

“மாத்திரை போடுகிறவர்களுக்குத்தானே அதிகம் வருகிறது, அப்போ மாத்திரைதானே காரணம்?” என்று ராயபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் காசிமேட்டுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? விடிகாலையில் ஐஸ் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே மீன் குவிந்து கிடக்கும். ஐஸா மீனை உண்டாக்கியது? படகு வந்ததால் இரண்டும் அங்கே வந்தன. இங்கே அந்தப் படகு எடையும் சுகரும்.

இன்னொன்றும் உண்டு. மாத்திரை வாங்குகிறவர் மாதாமாதம் டாக்டரைப் பார்க்கிறார், நர்ஸைப் பார்க்கிறார். அவரிடம் இருக்கும் நோய் சீக்கிரம் வெளியே வரும். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருக்கு இருந்தாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

3 ஜூன், இரவு 10.10

மருந்து மேல் பழி விழுந்து பிறகு விலகியதற்கும், பழி விழுந்து அது உண்மையாகவே ஆனதற்கும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த வருஷம் நடந்தவை.

முதல் கதை ரெசர்பின். நம் ஊர்ச் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்த மருந்து. பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேர் பிரஷரைக் குறைப்பதைப் பற்றி 1949இல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1974இல் லான்செட் இதழில் ஒரே நேரத்தில் மூன்று கட்டுரைகள்: ரெசர்பின் சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்று அதிகம் என்று. ஜனங்கள் பயந்துபோனார்கள். அப்புறம் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தேய்ந்துகொண்டே போனது. 1985இல் இரண்டு ஆய்வாளர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த பெண்கள் கூட்டத்திலிருந்து இதய நோய் உள்ளவர்களை நீக்கியிருக்கிறார்கள். ரெசர்பின் போடுகிறவர்கள் அவர்கள்தானே! அவர்களை எடுத்துவிட்டால் எதிர்ப் பக்கத்தில் ரெசர்பின் குறைவாகத்தான் தெரியும், புற்றுநோய்ப் பக்கத்தில் அதிகமாகத்தான் தெரியும்.

இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்து வந்தார்கள். இதனால் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்று வருகிறது என்று 1975 டிசம்பரில் அமெரிக்க இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இதை அடுத்தடுத்த ஆய்வுகள் அசைக்கவில்லை, உறுதிதான் செய்தன. எத்தனை வருஷம் சாப்பிட்டார்களோ அவ்வளவுக்கு ஆபத்து ஏறியது. அமெரிக்காவில் அந்த மாத்திரை விற்பனை இறங்கியதும் புற்றுநோய் எண்ணிக்கையும் கூடவே இறங்கியது. புரோஜெஸ்டிரானைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு மாத்திரை உண்மையாகவே கர்ப்பப்பையைக் கெடுத்தால் தடம் அப்படித்தான் தெரியும். பிரஷர் மாத்திரைகளிடம் அந்தத் தடம் இல்லை.

4 ஜூன், காலை 6.30

அம்லோடிபின் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு. 2013இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்த ஆய்வு, அந்த வகை மாத்திரையைப் பத்து வருஷத்துக்கு மேல் போட்ட பெண்களுக்கு மார்பகப் புற்று இரண்டு மடங்குக்கு மேல் என்றது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதுவும் மார்பகம்தான், கர்ப்பப்பை இல்லை.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது 2021இல் லான்செட் ஆன்காலஜியில் வந்தது. 33 சோதனைகள், 2,60,447 பேர், அவர்களில் புற்றுநோய் வந்தது 15,012 பேருக்கு. ஐந்து வகைப் பிரஷர் மாத்திரைகளையும் பார்த்தார்கள். எதுவும் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

4 ஜூன், இரவு 9.40

காலையில் எழுதியதை மறுபடி யோசித்தேன். அந்த 2021 ஆய்வில் தனித்தனியாகப் பார்த்த புற்றுகள் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட், தோல். கர்ப்பப்பை மொத்தக் கணக்கில் மட்டும்தான் வருகிறது. சோதனைகள் நடந்ததும் சராசரியாக நான்கு வருஷ அளவுக்குத்தான். பத்து வருஷம் இருபது வருஷம் மாத்திரை போடும் நம் அம்மாக்களுக்கு அது முழுப் பதில் ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் வாட்ஸப் அனுப்பியவர் மாதிரிதான் ஆகியிருப்பேன். இதெல்லாம் தெரிந்தும் நான் என் டெல்மிசார்டனை இன்று காலையும் போட்டேன். மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரும் என்பதற்கு இந்தத் தெருவிலேயே எனக்கு மூன்று வீடு தெரியும்.

5 ஜூன், இரவு 11.50

அக்கா கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள். அப்போது 58 வயது, எடை எண்பதைத் தாண்டியிருந்தது, சுகரும் உண்டு. 2022 பிப்ரவரியில் சொந்தக்காரர் ஒருவர் இதே மாதிரிச் செய்தியைக் காட்டினார். மறுநாளே நிறுத்திவிட்டாள், எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பார். சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வாள்.

கத்திரி வெயிலில் உதிரம் பட ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் ஆனவள். சூடு என்று முடிவு கட்டி வெந்தயத் தண்ணீர், இளநீர், நீராகாரம். வெயில் போயிற்று, உதிரம் போகவில்லை. “அத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரைச் சூடு, உடம்பை விட்டு இறங்க நாளாகும்” என்று அதற்கும் மாத்திரையையே குற்றம் சொன்னாள். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கும் போயிருக்கிறாள். வயசுக் கோளாறு என்று உதிரம் நிற்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் இரவு அவள் வீட்டில் தங்கினேன். விடிகாலை நான்கு மணிக்கு அடிபம்பு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் இருட்டில் குத்துக்காலிட்டு உள்பாவாடையை அலசிக்கொண்டிருக்கிறாள். பக்கெட் தண்ணீர் சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கெட்டைச் சாய்த்துவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். மே மாதத்திலிருந்து என்றாள். மருமகள் எழுந்திருப்பதற்குள் தினமும் அலசிக் காயப்போட்டிருக்கிறாள், ஏழு மாதமாக.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன், சதைப் பரிசோதனை, கேன்சர். ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அன்று காலை பிரஷர் 190க்கு 110. இது இறங்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மாத்திரை எங்கே என்று கேட்டேன். சாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். உடைக்காத அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு மாதம் மாதமாகக் கட்டி வைத்திருந்தாள். குப்பையில் போட மனசு வரவில்லையாம். எண்ணிப் பார்த்தேன், 290 மாத்திரை.

பிரஷர் இறங்கி ஆபரேஷன் நடக்க 17 நாள் ஆயிற்று. யூட்ரஸ், இரண்டு சினைப்பை எல்லாம் எடுத்தார்கள். கர்ப்பப்பையைத் தாண்டவில்லை, ஆனால் சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அதனால் உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் தேவைப்பட்டது. மே மாதமே போயிருந்தால் கதிர்வீச்சு இல்லாமல் முடிந்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. முடிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது நன்றாக இருக்கிறாள், மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறாள்.

6 ஜூன், காலை 5.30

தூக்கம் வரவில்லை. எண்ணூர் தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தச் செய்தி எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். உங்கள் அம்மா மட்டும் ஏன் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்? கர்ப்பப்பை என்ற வார்த்தை ஏன் அவரை மட்டும் அப்படிப் பிடித்துக்கொண்டது? உங்களிடம் சொல்ல மாட்டார். உங்கள் மனைவியை விட்டோ அக்காவை விட்டோ கேட்கச் சொல்லுங்கள். உதிரம் ஏதாவது படுகிறதா, ஒரு சொட்டாக இருந்தாலும், பழுப்பாக இருந்தாலும்.

6 ஜூன், இரவு 8.15

தம்பி தனியாக எழுதினார். இங்கே சொல்லலாம் என்றார். இரண்டு மாதமாக இருக்கிறதாம்.

6 ஜூன், இரவு 9.00

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் படுகிற நூறு பேரில் சுமார் ஒன்பது பேருக்குத்தான் கேன்சர். மற்றவர்களுக்குச் சவ்வு மெலிந்திருக்கும், சின்னச் சதை வளர்ந்திருக்கும், அப்படி ஏதாவது. ஆனால் இந்தக் கேன்சர் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு முதலில் உதிரம்தான் பட்டிருக்கிறது. 40,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைச் சேர்த்து 2018இல் போட்ட கணக்கு இது. உடம்பு இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிற கேன்சர் அதிகம் கிடையாது.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் மகளிர் பிரிவு இருக்கிறது. எது வசதியோ அங்கே போங்கள். உள்வழி ஸ்கேனில் உட்சவ்வுத் தடிமன் 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அதற்கு மேல் என்றால் மெல்லிய குழாய் விட்டுச் சதை எடுப்பார்கள். மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், “வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை” என்று சொன்னால் டாக்டருக்குப் புரியாது.

8 ஜூன், மதியம் 3.10

தம்பி அம்மாவின் சமாதானம்: போன வருஷம் முகாமில் கர்ப்பப்பைப் பரிசோதனை செய்தார்களே, நார்மல் என்று சீட்டு இருக்கிறதே. கடையில் நான் தினமும் கேட்கிற குழப்பம் இது. முகாமில் பார்ப்பது கர்ப்பப்பை வாய். அந்தப் புற்று எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, நம் நாட்டில் அதுதான் அதிகம், அதனால் அதற்கு முகாம் போடுகிறார்கள். நாம் இங்கே பேசுவது கர்ப்பப்பைக்குள்ளே இருக்கும் சவ்வில் வருவது. காரணம் வேறு, பரிசோதனை வேறு. வாசல் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து உள் அறையைச் சொல்ல முடியாது. இரண்டையும் நாம் “கர்ப்பப்பை கேன்சர்” என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மார்பகப் புற்றுக்காகத் தமோக்சிஃபென் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா, உங்கள் மாத்திரைக்கு உண்மையாகவே இந்தத் தொடர்பு உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். ஆனாலும் மார்பகப் புற்று திரும்பாமல் காப்பதில் கிடைக்கும் நன்மை பெரிது என்பதால்தான் கொடுக்கிறார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். உதிரம் பட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

10 ஜூன், இரவு 7.45

ஸ்கேன் வந்துவிட்டது. 11 மில்லிமீட்டர். வியாழக்கிழமை சதை எடுக்கிறார்கள்.

15 ஜூன், காலை 7.00

நேற்றோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. 61 நாள் கருவாட்டிலேயே ஓட்டியவர்கள் கொஞ்சம் கேளுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரு டீஸ்பூன் அளவு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடுகிறோம். கருவாட்டை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு ஓரளவு இறங்கும், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். தடைக்காலத்தில் கடைக்கு வந்து பிரஷர் பார்க்கிறவர்களுக்கு எப்போதும் ஏறித்தான் இருக்கிறது.

24 ஜூன், இரவு 10.20

தம்பி அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்தது. கேன்சர் இல்லை. உட்சவ்வு மிகையாக வளர்ந்திருக்கிறது, செல்கள் கெட்டுப்போகவில்லை. இந்த வகை இருபது வருஷத்தில் கேன்சராக மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அதற்காக அப்படியே விடவும் மாட்டார்கள். காப்பர்-டி மாதிரியே இருக்கும், புரோஜெஸ்டிரான் வகை மருந்து கசியும் ஒரு கருவியை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, டிசம்பரில், மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள். எடையைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா மருமகளிடம் சொன்னாராம், மாத்திரையை நிறுத்தினால் உதிரமும் நிற்கும் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன் என்று.

25 ஜூன், காலை 6.40

தம்பி, இன்றைக்குப் பிரஷர் 138க்கு 84 என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அம்லோடிபினில் கால் வீங்குகிறது என்றால் அது அந்த மாத்திரையால் வரக்கூடியதுதான். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாற்றிக் கொடுப்பார். அதுவரை நிறுத்த வேண்டாம். டிசம்பர்ப் பரிசோதனைத் தேதியை மாத்திரை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.